பேஸ் வாசிக்கிறேன், சாக்சபோன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சேர். எனக்கு 31 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பது வருடங்களாகப் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். கல்யாண வீடுகள், தேவாலயப் பாடகர் குழு, சீசன் நாட்களில் கடற்கரை ஹோட்டல்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாண்டலின் வாங்கினேன். பிறகு ஒரு சிறிய ஓர்கன். அதன் அடப்டர் பழுதானதிலிருந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது ஹோட்டலில் சாக்சபோன் வாசிக்கும் அண்ணன் ஒருவர் தன் பழைய அல்டோ சாக்சபோனை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மாரி மழைக்கு முன் கூரை மாற்ற வைத்திருக்கும் சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் குழுத் தலைவர் "பேஸ்காரன் பேஸோடு நிற்க வேண்டும்" என்கிறார். போன மாதம் வாசித்த கல்யாணத்தின் வீடியோவைக் கைபேசியில் பார்த்தேன். ஐந்து மணித்தியாலம் வாசித்த நான் ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. "நாலு தந்தியில் என்ன பெரிய வேலை" என்று மாமா ஒருவர் கேட்டார். எனக்குப் பேஸ் அலுத்துவிட்டதா, இல்லை இது பேராசையா? சாக்சபோனை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சாக்சபோனை இப்போது வாங்காதீர்கள். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது, விற்பவரும் காத்திருக்கிறார் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை ஆறுதலாகப் பேசுவோம்.

பேராசையா என்று உங்களையே நீங்கள் கேட்டுக்கொண்டது என்னை வருத்தியது. பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்த ஆசை மற்றவர்களைவிட அதிகமாக வருவதை முப்பது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கிற்றார்காரர் வீட்டில் தனியாக இருந்து ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிடலாம். ஓர்கன்காரருக்கு இரண்டு கைகள் போதும். வயலின்காரர் ஒரு மெட்டை இழுத்தால் அம்மா அடுக்களையில் நின்றபடியே சேர்ந்து பாடுவார். பேஸ்காரர் தன் பகுதியைத் தனியாக வாசித்தால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது எந்தப் பாட்டு என்றே தெரியாது. நம்முடைய வாத்தியத்துக்குத் துணை வேண்டும். துணை இல்லாத இரவுகளில்தான் அடுத்த வாத்தியத்தின் நினைப்பு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மேடையில் நாம் ட்ரம்ஸுக்கும் ஓர்கனுக்கும் நடுவில் நிற்கிறோம். ஒரு காது தாளத்தில், மற்றக் காது சுரத்தில். இரண்டு பக்கத்து வேலையும் பாதி பாதி தெரிந்துவிடுகிறது. பாதி தெரிந்தவருக்கு மீதியையும் தெரிந்துகொள்ளத் தோன்றாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

பேஸில் பெரும் பெயர் எடுத்தவர்களைப் பாருங்கள். சார்ல்ஸ் மிங்கஸ் சிறுவயதில் டிராம்போன் ஊதி, பிறகு செலோ வாசித்து, அதன் பின்தான் நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸுக்கு வந்தார். 1963-இல் தனியாகப் பியானோ மட்டும் வாசித்து ஓர் இசைத்தட்டே பதிவு செய்தார். ஜாக்கோ பஸ்டோரியஸ் முதலில் ட்ரம்ஸ் வாசித்தவர். பந்து விளையாடும்போது மணிக்கட்டில் பட்ட காயம் அவரைப் பேஸ் பக்கம் திருப்பியது. போல் மெக்கார்ட்னி 1961-இல் தன் பீட்டில்ஸ் குழுவின் பேஸ்காரர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர். கிற்றாரையும் பியானோவையும் அவர் ஒருநாளும் கைவிடவில்லை. ஒஸ்கார் பெட்டிஃபோர்டின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. 1949-இல் பேஸ்போல் விளையாடிக் கை முறிந்து பெரிய பேஸைப் பிடிக்க முடியாமல் போனபோது, அவர் செலோவை எடுத்தார். செலோவுக்கு உரிய சுருதி முறையை மாற்றிப் பேஸின் முறையிலேயே தந்திகளைக் கூட்டிக்கொண்டார். கை செலோவில் இருந்தது, காது பேஸில் இருந்தது. உங்கள் குழுத் தலைவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. அதில் நீங்கள் கேட்காததற்குக் காரணம் உங்கள் வாசிப்பு அல்ல, கைபேசி. உங்கள் தடித்த தந்தியைத் திறந்து தட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். மெல்லிய தந்தியே 98தான். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதைத் தர முடியாமல் விட்டுவிடுகிறது. காதில் கொஞ்சமாவது பேஸ் கேட்டால், அது மேலெழும் துணை ஒலிகளைக் கொண்டு மூளை தானாகவே கட்டிக்கொள்ளும் சுரம். நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி அதே வீடியோவை மறுபடி கேளுங்கள். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் கைபேசியில் கேட்கவில்லை; அவர்களுடைய நாற்காலியே அதிர்ந்திருக்கும்.

கவனிக்கப்படாமல் போவது நம் வேலையோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் உலகமே ஆடிய எத்தனையோ பாட்டுகளுக்கு அவருடைய ஒற்றைச் சுட்டுவிரல்தான் அடித்தளம். அவர் வேலை செய்த இசைத்தட்டு நிறுவனம் 1971 வரை உறைகளில் வாத்தியக்காரர் பெயரை அச்சிடவில்லை. இன்று பேஸ் கற்பவர்கள் பலர் அவரைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கோயில் திருவிழாக்களில் முன்பெல்லாம் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்ற குழல் நிற்கும். அதில் விரல் ஓடாது. ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். இன்று அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. "ஒத்து ஊதுகிறான்" என்று ஏளனமாகச் சொல்ல நமக்குத் தெரியும். அந்த ஒத்து நின்றுபோகும் கணத்தில் நாதஸ்வரக்காரரின் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்கள் குறைவு. பேஸ்காரர் அந்த ஒத்தைப் போல நிற்கவும் வேண்டும், தவிலில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைப் போல நடக்கவும் வேண்டும். அடுத்த ஒத்திகையில், சொல்லிவிட்டு, ஒரு சரணம் முழுக்க வாசிக்காமல் நில்லுங்கள். பாடகர் எந்த வரியில் உங்கள் பக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். மாமாவுக்கு உங்கள் பதில் அதுதான்; அவரிடம் போய்ச் சொல்லவேண்டிய தேவைகூட இருக்காது.

இனி, இரண்டாவது வாத்தியம். இதில் நான் என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் குழுவின் ஓர்கன்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். வேறு ஆள் இல்லை. நான் ஓர்கனுக்கு மாறினேன், சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு சிறுவன் என் பேஸை எடுத்துக்கொண்டான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அவன் வாசித்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. நான் நூறு தடவை வாசித்த ஒரு பாட்டு. பல்லவி முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் நான் எப்போதும் ஐந்தாறு சுரங்களை ஓடவிட்டு நிரப்புவேன். அந்தச் சிறுவனுக்கு அவ்வளவு விரல் ஓடாது. அவன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பில் பாடகரின் அடுத்த வரி எவ்வளவு நிமிர்ந்து எழுந்தது என்பதை ஓர்கனில் இருந்து கேட்டேன். இத்தனை காலமும் நான் அந்த வரியை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவன் ஒரு மயிரிழை பிந்தி வந்தபோது என் வலது கை வைத்த கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், காலடியில் தரை இல்லாததுபோலத் தள்ளாடியதையும் அப்போதுதான் உணர்ந்தேன். மறுபடி பேஸுக்கு வந்தபோது என் சுரங்களில் பாதியை எடுத்துவிட்டேன். அதற்குப் பின்தான் மற்றக் குழுக்கள் என்னைத் தேடி வரத் தொடங்கின.

ஆகவே இரண்டாவது வாத்தியத்தை நான் இன்னோர் இருக்கையாகத்தான் பார்க்கிறேன். அங்கே போய் இருந்து உங்கள் பேஸை வேறொருவர் வாசிக்கக் கேட்கிறீர்கள். எந்த இருக்கையில் இருந்து பேஸ் நன்றாகக் கேட்குமோ அங்கே முதலில் போங்கள்.

உங்களுக்கு அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஓர்கன். அதை எடுத்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது கையால் சங்கராபரணத்தின் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். அந்தக் கை அசையக்கூடாது. இடது கையின் ஒரு விரலால் கீழே ஸ வையுங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல இருக்கும். அந்த விரலை மட்டும் க-வுக்கு மாற்றுங்கள். அதே கோர்ட் இப்போது எங்கேயோ புறப்படப் போகிறவரைப் போல ஒரு காலை முன்னே வைத்து நிற்கும். பிறகு ஸ-வுக்குக் கீழே இருக்கும் த-வுக்குப் போங்கள். மேலே ஒன்றுமே மாறவில்லை, ஆனால் பாட்டுக்குத் துக்கம் வந்துவிட்டது. கோர்ட்டின் பெயரே மைனராக மாறிவிட்டது. மூன்று தடவையும் முடிவு செய்தது இடது கையின் ஒற்றை விரல். மேடையில் அந்த விரல் நீங்கள்தான். பேஸில் இந்த மூன்று சுரங்களையும் நீங்கள் ஆயிரம் தடவை தொட்டிருப்பீர்கள். மேலே கோர்ட் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றை உங்கள் கையாலேயே மாற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் ஏன் தனி மெட்டாக நடக்கிறது என்று கேட்டுக் கிறங்குகிற நாம் எல்லோரும், அதன் வழியை ஓர்கனில் ஒரு மாதத்தில் கண்டுபிடிக்கத் தொடங்கலாம்.

மாண்டலினை ஏன் விட்டீர்கள் என்று எழுதவில்லை. விரல் குழம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். பேஸின் தந்திகள் தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி. மாண்டலினில் தடித்ததிலிருந்து ஜி, டி, ஏ, இ. அப்படியே தலைகீழ். பேஸில் ஏ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) எந்தச் சுரமோ, மாண்டலினின் ஏ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் அதே சுரம். உங்களுக்குத் தெரிந்த விரலமைப்புகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. நீளம்தான் பெரிய வித்தியாசம். பேஸில் 34 அங்குலம், மாண்டலினில் ஏறத்தாழ 14. பேஸில் பரந்து பழகிய விரல்கள் அங்கே இடம் போதாமல் இடித்துக்கொள்ளும். சில வாரங்களில் பழகும். உங்களுக்கு மெட்டு வாசிக்கும் பசி இருக்கிறதென்றால், அதற்கான வாத்தியம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது.

ட்ரம்ஸைப் பற்றி ஒரு வரி: வாங்க வேண்டாம், ஆனால் ஒத்திகைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் ட்ரம்ஸ்காரரிடம் அனுமதி கேட்டு, வலது காலால் அந்தப் பெரிய ட்ரம்மை மட்டும் பைலாத் தாளத்துக்கு மிதித்துப் பழகுங்கள். ஆறு எண்ணிக்கையை இரண்டாகவும் மூன்றாகவும் மாற்றி எண்ணும் அந்த ஆட்டம் காலில் ஏறிவிட்டால் விரலுக்குத் தானாக வரும்.

இப்போது சாக்சபோன். அதன் மேல் உங்களுக்கு உள்ள மயக்கம் எனக்குப் புரிகிறது. மாலையில் கடற்கரையில் அந்த ஒலி எழும்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் திரும்புகிறார்கள். பின்னால் நிற்கும் உங்களுக்கு அது ஒவ்வோர் இரவும் தெரிகிறது. அதைவிட ஆழமான ஒன்றும் அதில் இருக்கிறது. ஊதுகிறவர் மூச்சுவிட வேண்டும், ஆகவே அவர் வாசிப்பில் இடைவெளி விழும். வசனம் போல வரும். நமக்கு மூச்சுத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகலாம், அதனாலேயே நம் வாசிப்பு சில வேளை புள்ளியே இல்லாத வாக்கியமாகிவிடுகிறது. சாக்சபோன் கற்றுத்தரும் இந்தப் பாடத்தைக் காசில்லாமல் கற்க ஒரு வழி உண்டு. உங்கள் பேஸ் பகுதியை வாசித்துக்கொண்டே வாயால் பாடுங்கள். மூச்சு முடியும் இடத்தில் விரலும் நிற்கட்டும். குரல் நல்லதா என்பது இங்கே பொருட்டே இல்லை. இரண்டு வாரத்தில் உங்கள் வாசிப்பில் காற்றோட்டம் வந்துவிடும்.

வாத்தியத்தின் செலவு ஒன்றரை இலட்சத்தோடு நிற்காது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கும் நாணலில் செய்த ரீட் வேண்டும். அது தேயும், பிளக்கும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். ஓட்டைகளை மூடும் சாவிகளுக்குள் தோல் மெத்தைகள் இருக்கின்றன. ஈரத்தில் அவை ஊறிக் கெட்டுப்போகும், காற்றுக் கசியும், கசிந்தால் கீழ்ச்சுரங்கள் எழும்பாது. பழைய வாத்தியம் என்றால் எல்லா மெத்தைகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அந்த வேலையைத் தெரிந்தவரை நம் ஊரில் நான் கண்டதில்லை. கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அல்டோவில் ஸி என்று எழுதியிருப்பதை வாசித்தால் மற்றவர்களுக்கு ஈ ஃப்ளாட்டாகக் கேட்கும் என்பதையும் ஒரு புதிய கணக்காகப் பழக வேண்டும். உதடும் தாடையும் ஒரு நல்ல ஒலிக்கு ஒத்துழைக்கப் பல மாதம் ஆகும். இவை எதுவும் உங்களைப் பயமுறுத்த அல்ல. கூரைப் பணத்தில் தொடங்கக்கூடிய காரியம் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

கூரையைப் பற்றி நான் உறுதியாக இருக்கிறேன். 2003-இல் கொழும்பில் ஒரு வயலின் வாங்கி, இரவு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கென்று சேர்த்த காசு இல்லை அது, வீட்டுக்கென்று வைத்திருந்தது. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில், யன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அந்த வயலினின் ஒட்டு விட்டுவிட்டது. வயலினுக்குப் போடும் பசை வெப்பத்திலும் வரட்சியிலும் விடக்கூடியது, திருத்தவும் கூடியது. அதைத் திருத்தக் காசு கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. நீங்கள் இன்றைக்கே உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாக்சபோன் கேட்டு அல்ல. அந்த வீடியோவைப் பார்த்தபோது உங்களுக்கு மனதுக்குள் என்ன நடந்தது என்று. கூரை ஐப்பசிக்கு முன் ஏறட்டும். ஒழுகும் வீட்டில் எந்த வாத்தியமும் தங்காது, உங்கள் பேஸ் உட்பட.

பேஸைப் பற்றியும் ஒரு கேள்வி. தந்தியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? உப்புவெளிக் காற்றில் தந்தி சீக்கிரம் கறுத்துத் துருவேறும். துரு ஃபிரெட்டையும் அரத்தைப் போலத் தின்னும். ஜேமர்சன் தந்தி மாற்றுவதை விரும்பாதவர் என்பது உண்மைதான், ஆனால் அவர் போட்டிருந்தது தட்டையாகச் சுற்றிய தந்தி, அவருக்கு வேண்டியதும் அந்த மங்கிய ஒலி. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கம் வரை துடையுங்கள். கச்சானில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும், கழுத்து அசையும். வருடத்துக்கு இரண்டு தடவை கழுத்துக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியைப் பார்க்க வேண்டும். பேஸ் அலுத்துவிட்டதாக என்னிடம் வந்த பலருக்கு, உண்மையில் அலுத்திருந்தது செத்த தந்தியும் உயர்ந்துபோன கழுத்தும்தான். இந்தமுறை தட்டையாகச் சுற்றியதைப் போட்டுப் பாருங்கள். கைக்கு வேறு வாத்தியம் வந்ததுபோல இருக்கும்.

உங்கள் குழுத் தலைவர் சொன்னதின் நியாயமான பாதி இதுதான்: கிற்றாரோ மாண்டலினோ பழகத் தொடங்கும் பேஸ்காரர் முதல் மூன்று மாதம் மேடையில் சுரங்களைக் கொட்டுவார். புதிதாகக் கற்ற ஓட்டத்தைக் காட்ட விரல் துடிக்கும். அந்த மூன்று மாதம் உங்கள் வாசிப்பைத் தலைவரையே கவனிக்கச் சொல்லுங்கள். "அதிகம் போகிறது" என்று அவர் கண் காட்டினால் கோபிக்காமல் குறையுங்கள்.

சாக்சபோன் அண்ணன் சீசன் முடிந்ததும், புரட்டாதிக்குப் பின், தென்கரை ஹோட்டல்களுக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறேன். அதற்குள் அவரிடம் நான்கு பாடம் கேளுங்கள். பாடத்துக்குரிய காசைக் கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். அவருடைய வாத்தியத்திலேயே ஊதிப் பாருங்கள். ரீட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த சித்திரையில் அவர் திரும்பி வரும்போதும் அந்த ஆசை அப்படியே இருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது எந்த வாத்தியம், எவ்வளவு விலை, எதைப் பார்த்து வாங்குவது என்று சேர்ந்து பேசுவோம்.

இப்போதைக்கு ஓர்கனுக்கு ஓர் அடப்டர் வாங்குங்கள். ஓர்கனின் பின்புறம் எழுதியிருக்கும் வோல்ட் அளவையும், முனையில் கூட்டல் கழித்தல் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிறகு அந்தக் கல்யாணத்தில் வாசித்த ஒரு பாட்டை எடுத்து, கோர்ட்டை வலது கையிலும் உங்கள் பேஸ் பகுதியை இடது கையிலும் மெதுவாக வாசியுங்கள். பாடகர் மூச்செடுக்கும் இடங்களில் உங்கள் இடது கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மூன்று வாரத்தில் எனக்கு அனுப்புங்கள்.